எதிர்ப்புக் கடிதம்

அனுப்பிய கடிதம் போய்ச் சேர்ந்ததா என்று தெரியாமல் நீங்கள் தவித்ததுண்டா?

பொழுதுபோக்காக வீட்டுக் கம்ப்யூட்டர்களை இணைத்துக் கடிதம் அனுப்பிக்கொள்ளும் கூட்டம் அது. அங்கே ஓட்டெடுப்பு கிடையாது. ஒரு யோசனையைப் பத்து வீட்டுக் கம்ப்யூட்டர்கள் பயன்படுத்திவிட்டால், அதுதான் விதி.

'கடிதம் கிடைத்ததும் கம்ப்யூட்டரே பதில் சொல்லட்டும்' என்ற யோசனையை ஒன்பது வீடுகள் பயன்படுத்தத் தொடங்கிவிட்டன. கூட்டத்தில் ஒருவரான மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் கொதித்தார்.

"இது விதியாயிட்டா, 'கடிதம் வரலை'ன்னு சொல்லி யாருமே தப்பிக்க முடியாது! ஒன்பது பேருக்கும் காரசாரமா எதிர்ப்பு எழுதிட்டேன்."

"போய்ச் சேர்ந்துச்சாங்க?" மனைவி கேட்டாள்.

"அதான் தெரியலையே!"

விறுவிறுவென்று தன் கம்ப்யூட்டரில் எதையோ மாற்றி, கடிதங்களை மறுபடி அனுப்பினார். முகம் மலர்ந்தது.

"ஒன்பது பேருக்கும் கிடைச்சிருச்சாம்!"

"யாருங்க சொன்னா?"

"கம்ப்யூட்டர்தான்..." என்றவர் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

மறுநாள் காலை யோசனை விதியானது. பத்தாவது வீடு அவருடையது.