உள்ளே தூங்குகிறார்

காலையிலிருந்து விமானச் சத்தத்துக்காகக் காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். கேட்டதோ பனிவண்டியின் உறுமல்.

துப்பாக்கியை எடுத்து மேசைக்கடியில் சாய்த்து வைத்தேன்.

வருவது யாரென்று எனக்குத் தெரியாது. நான் தனியாக இருப்பது மட்டும் வருகிறவனுக்குத் தெரியும்.

எல்லாம் என் புருஷன் ரஸ் செய்த வேலை. பல் பிடுங்க ஊருக்குப் போன மனுஷன் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். எங்களைப் போலக் காட்டுக்குள் கிடப்பவர்களுக்கு ரேடியோவில் தினமும் சேதி வாசிப்பார்கள். நேற்று எனக்கு வந்தது: "மேரனுக்கு. வானம் தெளிந்ததும் விமானம் ஏறுகிறேன். அதுவரை தனியாகச் சமாளித்துக்கொள். ரஸ்."

தனியாக! இந்த அலாஸ்காப் பள்ளத்தாக்கில் ரேடியோ இல்லாத வீடே கிடையாது. நல்லவன், கெட்டவன் எல்லோரும் கேட்டிருப்பார்கள்.

கதவுக்குப் பூட்டும் இல்லை. பனியில் மாட்டிக்கொண்டவன் உள்ளே நுழைந்து அடுப்பு மூட்டிக்கொள்ளட்டும் என்று இங்கே யாரும் பூட்டுவதில்லை. அந்த வழக்கத்தை இன்று மனதாரச் சபித்தேன்.

வண்டி நின்றது. கதவைத் தட்டிவிட்டு, தாடியெல்லாம் பனி உறைந்த ஒருவன் உள்ளே வந்தான்.

உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை. தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு அறையைச் சுற்றிப் பார்த்தான்.

"உங்ககூட வேற யாரும் இல்லையாம்மா?"

கை தானாக மேசைக்கடியில் போனது.

"ஏன் இல்லாம? வீட்டுக்காரர் உள்ளதான் தூங்குறாரு. காலையில ப்ளேன்ல வந்த அசதி. எழுப்பட்டுமா?"

மூடியிருந்த படுக்கையறைக் கதவையே அந்த ஆள் பார்த்தான். பிறகு பொத்தென்று நாற்காலியில் உட்கார்ந்து, தொப்பியால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். அழுகிறானா சிரிக்கிறானா என்றே தெரியவில்லை.

"அப்பாடா! அப்ப மலையில விழுந்தது வேற ப்ளேன். ரஸ் அதுல இருந்தாருன்னு சொல்லிட்டு வரச் சொல்லி என்னை அனுப்பிட்டாங்கம்மா. இதையெல்லாம் ரேடியோவுலயா வாசிக்க முடியும்? வழியெல்லாம் எப்படிச் சொல்றதுன்னு செத்துச் செத்துப் பொழைச்சேன்."

நான் எழுந்திருக்கப் பார்த்தேன்.

வந்தவர் பதறிப்போய்க் கையமர்த்தினார். குரலையும் தாழ்த்திக்கொண்டார்.

"வேணாம்மா, எழுப்பாதீங்க. பாவம், தூங்கட்டும்."