பெரிய ஸ்படிகத்தின் மேல் ஒரு கோடு

கல்லுக்குப் பட்டை தீட்டும் பரிமளத்தின் தகர டப்பாவில் ஸ்படிகக் கற்கள் குடியிருந்தன. புதிதாக எந்தக் கல் வந்தாலும் பெரிய ஸ்படிகம் அதைத் தன் விளிம்பால் உரசிப் பார்க்கும். கோடு விழுந்தால் வந்தது வெறும் கண்ணாடி. கோடு விழுந்த யாருக்கும் டப்பாவில் இடமில்லை என்பது பெரிய ஸ்படிகம் போட்ட சட்டம்.

ஒருநாள் தண்ணீர்போல் தெளிந்த கல் ஒன்று வந்தது.

"எந்த ஊருப்பா?" என்றது பெரிய ஸ்படிகம்.

"மரகதங்களோட ஒரே பாறையில பிறந்தேங்க. பச்சையா இல்லைன்னு, நீ ஸ்படிகம்தான்னு சொல்லி ஒதுக்கிட்டாங்க."

"பார்த்தா நம்ம ஆள்தான்" என்று பெரிய ஸ்படிகம் ஆசையாக உரசியது.

கோடு விழுந்தது, பெரிய ஸ்படிகத்தின் மேல்.

டப்பாவே உறைந்துபோனது. வந்த கல்லும் வெலவெலத்து, "நான் ஒண்ணும் பண்ணலையே" என்றது.

பரிமளம் அதை எடுத்துப் பூதக்கண்ணாடியில் பார்த்தாள். "இது ஃபெனகைட்டு. பெரிலியம் இருக்கிற கல்லு, ஸ்படிகத்தைவிடக் கெட்டி. லேசுல கிடைக்காதே" என்று முணுமுணுத்து, பஞ்சில் பொதிந்து எடுத்துப்போனாள்.

"இது கோடு இல்ல. வெளிச்சம் அப்படி விழுது" என்றது பெரிய ஸ்படிகம்.

சின்னக் கற்கள் அதற்கு டப்பாவின் வாய்வரை வழிவிட்டு ஒதுங்கி நின்றன.