இமை வரைந்த பொம்மை

பல் டாக்டர் பஞ்சுக்குள்ளிருந்து பொம்மையை எடுத்து மேசைமேல் நிறுத்தினார்.

கட்டைவிரல் உயரம். கையில் குடை, ஒற்றைக் கால் அந்தரத்தில். கம்பிமேல் நடக்கும் சர்க்கஸ்காரி.

"சொல்லுங்கம்மா. எந்தக் கம்பெனி?"

பழைய சாமான் கடையின் கடைசி மூலையில், சுவருக்கும் பீரோவுக்கும் நடுவே அவளுடைய நாற்காலி. மூட்டை மூட்டையாக வந்து சேரும் பிளாஸ்டிக் பொம்மைகளைப் பிரித்து, எது எந்தக் கம்பெனி என்று சீட்டு எழுதி ஒட்டுவது அவள் வேலை. அடியில் முத்திரை இருந்தால் யார் வேண்டுமானாலும் சொல்லிவிடலாம். முத்திரை இல்லாதவற்றுக்குத்தான் அவள். அச்சின் இரண்டு பாதியும் சேர்ந்த கோடு எங்கே ஓடுகிறது என்று விரலால் தடவுவாள். நகத்தால் சுண்டி ஓசை கேட்பாள். சில சமயம் முகர்ந்தும் பார்ப்பாள்.

டாக்டருக்குப் பழைய பொம்மை என்றால் பித்து. பல் பார்க்கும் குட்டிக் கண்ணாடியோடு வாரா வாரம் வந்துவிடுவார். பொம்மையையும் வாயைத் திறக்கச் சொல்வார் என்று கடைக்காரர் கேலி செய்வார்.

இன்று அவள் தடவவில்லை. சுண்டவில்லை.

பொம்மையின் கண்ணில் மூன்று இமைமயிர் இருந்தது.

கண்ணுக்கு ஒரு புள்ளி, அவ்வளவுதான் அவள் அந்தக் காலத்தில் வேலை பார்த்த பொம்மைக் கம்பெனி கேட்டது. புள்ளி வைத்தோமா, அடுத்ததை எடுத்தோமா என்று போக வேண்டும். அங்கே பெயிண்ட் அடித்த பெண்களில் நாலாவது மேசைக்காரிக்கு மட்டும் அது சரிப்படாது. பிரஷ்ஷில் இரண்டு மயிரை விட்டுவிட்டு மற்றதையெல்லாம் கத்தரித்து, இமை வரைவாள். இமை இல்லாவிட்டால் முழித்துக்கொண்டே இருக்குமே, எப்போது தூங்கும் என்பாள். அதற்காக அந்தப் பெண் வாங்கிய திட்டு கொஞ்சநஞ்சமல்ல.

"தெரியல டாக்டர்."

கடைக்காரருக்குப் பொறுக்கவில்லை. அவர் அவளுக்குத் தம்பி முறை. "எங்க அக்காவுக்குத் தெரியாத பொம்மையா? நல்லா பாருக்கா. அவசரம் ஒண்ணும் இல்ல."

டாக்டர் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அவள் எழுந்து போக இருந்த ஒரே சந்தும் அதோடு அடைபட்டது. செல்போனில் பேச்சைப் பதிவு செய்யும்படி வைத்து, அதைப் பொம்மைக்குப் பக்கத்தில் சாய்த்தார். புத்தகம் எழுதுகிறாராம். அவருக்குத் தெரிந்து இந்த வரிசையில் ஆறே ஆறு பொம்மைதான் மிச்சமாம். ஒரே மாதத்தில் ஏன் நிறுத்தினார்கள் என்று ஒருத்தருக்கும் தெரியாதாம்.

ஆறு என்பதை அவர் சந்தோஷமாகச் சொன்னார்.

"தீப்பிடிச்சிருச்சு." வாய் அவளைக் கேட்காமலே சொல்லிவிட்டது. "பெயிண்ட் அடிக்கிற ரூம்ல. பதினோரு பொண்ணுங்க."

கடைக்காரர் துடைத்துக்கொண்டிருந்த துணியைக் கீழே வைத்தார். இருபது வருஷமாக ஒரே கடையில் இருக்கிறார்கள். இப்படி ஒன்றை அவள் மூச்சுக்கூட விட்டதில்லை.

"நீங்க அங்கயா இருந்தீங்க? எப்படிம்மா தப்பிச்சீங்க?" என்றார் டாக்டர்.

"சாப்பிடப் போயிருந்தேன்."

டாக்டருக்குக் கண் கலங்கிவிட்டது. நல்ல மனிதர். அவள் கையை எடுத்துத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டார். அதை உருவிக்கொள்ள அவளுக்குத் தெம்பு இல்லை.

"அந்தத் தீ விபத்தா! நான் அப்ப பள்ளிக்கூடம். பேப்பர்ல வந்துச்சு. வாட்ச்மேன் வெளிய பூட்டிட்டுப் போயிட்டான், இல்ல?"

செல்போனில் நொடிகள் ஓடிக்கொண்டிருந்தன.

வாட்ச்மேன் வயசாளி. காது மந்தம். நான் பூட்டவே இல்லை சாமி என்று கோர்ட்டில் கத்தினார். கம்பெனி வாசலில் அவர் உட்காரும் அறையில் ஆணியில் ஒரு சாவி தொங்கியது; அதுவே போதும் என்றாகிவிட்டது. நாலு வருஷம் போட்டார்கள். மூன்றாவது வருஷம் உள்ளேயே போய்ச் சேர்ந்தார்.

சொல்லிவிடலாம். நாற்பது வருஷமாக மென்று முழுங்கியது. இந்த மனிதர் திட்டக்கூட மாட்டார். அவள் வாயைத் திறந்தாள்.

"விடுங்க டாக்டர், பாவம் அக்கா. அந்தப் பாவி செஞ்சதுக்கு இவங்களப் போட்டுக் குடைஞ்சா?" என்று கடைக்காரர் தண்ணீர் பாட்டிலை நீட்டினார்.

டாக்டர் இன்னும் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ம்," என்றாள்.

அது பதிவாயிற்று.

டாக்டர் பொம்மையைப் பஞ்சில் சுற்றிக்கொண்டார். புத்தகத்தில் அவளைப் பற்றித் தனியாக ஒரு பக்கம் வரும் என்றார். உயிர் பிழைத்தவர் என்று போடுவாராம். வாசலில் நின்று திரும்பி ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போனார்.

கடைக்காரரும் டீ வாங்கக் கிளம்பினார். முக்காலி நகர்ந்து, வழி திறந்துதான் கிடந்தது. அவள் எழுந்திருக்கவில்லை.

அவள் ஒரு நாளும் பெயிண்ட் பிரஷ்ஷைத் தொட்டதில்லை. மற்றவர்கள் வரைந்ததைச் சரிபார்த்து, எண்ணி எடுத்துக்கொள்கிறவள். பொம்மைகள் திருட்டுப் போகின்றன, நீ வெளியே போனால் உள்ளே ஆள் இருந்தாலும் பூட்டிவிட்டுப் போ என்று மேனேஜர் அவளிடம்தான் இரண்டாவது சாவியைக் கொடுத்திருந்தார். அவளுக்குப் பத்தொன்பது வயது. அப்படி நம்பிக் கொடுத்தது பெருமையாகக்கூட இருந்தது.

சாப்பாட்டுக் கடை தெருக்கோடியில். அன்றைக்கு என்னவோ நல்ல பசி. சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, இரண்டாம் முறையும் சோறு கேட்டு வாங்கி, நிதானமாகச் சாப்பிட்டாள்.