கையெழுத்துக்கு ஒரு ஜாஹா

“நீங்க சரின்னு சொல்ற வரைக்கும் இந்தக் காபியைத் தொட மாட்டோம்!”

அபூ ராகான் கோப்பையை மேசைமேல் வைத்தார். கூட வந்த நாலு பெரியவர்களும் டக் டக்கென்று வைத்தார்கள்.

கதவோரம் நின்றிருந்த குதைபாவுக்கு பூமி பிளந்து தன்னை விழுங்காதா என்றிருந்தது. ஆலோசகர் அறைக்குப் பெரியப்பா அபூ ராகான் தனியாக வருவார் என்றுதான் நினைத்தான். ஜாஹாவையே கூட்டி வந்துவிட்டார்.

பெண் கேட்க ஜாஹா போவார்கள். கொலைப் பகை தீர்க்கப் போவார்கள். பெரியவர்கள் இப்படித் திரண்டு போய்க் கேட்டால் யாரும் மறுப்பதில்லை. மறுத்தவனை கரக் ஊரே பேசும். ஆனால் யூனிவர்சிட்டிக்கு, அதுவும் ஒரு கையெழுத்துக்காக ஜாஹா வந்ததை யாரும் கேள்விப்பட்டதில்லை.

எதிரே டாக்டர் ஷுக்ரி. சரித்திரத் துறைப் பேராசிரியர். மாணவர்கள் எதைப் படிக்கலாம், எதை விடலாம் என்று வழி சொல்லும் ஆலோசகரும் அவர்தான். அவர் கையெழுத்து இல்லாமல் யாரும் வேறு துறைக்கு மாற முடியாது. மாறுவதற்கு இன்றுதான் கடைசி நாள்.

“சொல்லுங்க, என்ன வேணும்?”

“பையனை வணிகத் துறைக்கு மாத்தணும். அம்மான்ல என் மச்சான் கம்பெனி இருக்கு. இவனுக்குன்னு ஒரு நாற்காலி போட்டு வெச்சிருக்கான். பட்டத்தோட போய் உட்கார வேண்டியதுதான் பாக்கி.”

“முடியாது.”

அபூ ராகான் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

“ஏன், மார்க் பத்தலையா?”

“மார்க்கெல்லாம் நிறைய இருக்கு.”

“அப்புறம் என்ன?”

“கையெழுத்துப் போட மாட்டேன். அவ்வளவுதான்.”

“டாக்டரே, சரித்திரம் படிச்சவன் எல்லாம் பெட்ராவுல டூரிஸ்ட்டுக்குக் கழுதை ஓட்டறான்!”

“கழுதை பாவம்,” என்றார் டாக்டர்.

ஒரு பெரியவர் சிரித்துவிட்டார். அபூ ராகான் முறைத்ததும் அந்தச் சிரிப்பை இருமலாக மாற்றிக்கொண்டார்.

“எங்க குடும்பச் சரித்திரத்தை விடிய விடிய நானே சொல்லுவேன். அதுக்கு எதுக்கு இவனுக்கு நாலு வருஷப் படிப்பு?” என்ற அபூ ராகானின் குரல் சட்டென்று இறங்கியது. “அப்பன் இல்லாத பிள்ளை, டாக்டரே. என் தம்பி போனப்ப இவன் என் இடுப்பு உயரம்கூட இல்ல. என் ரொட்டியில பாதியைப் பிச்சுக் கொடுத்து வளர்த்தேன். இவன் நல்லா இருக்கணும்னுதான் உங்க வாசலுக்கு வந்திருக்கேன். இந்தத் தலைத்துணிக்காவது மரியாதை கொடுங்க.”

“மரியாதை எவ்வளவு வேணும்னாலும் தர்றேன். கையெழுத்து மட்டும் கேக்காதீங்க.”

“ஓ! இப்பத்தான் புரியுது. உங்க வகுப்புல தலையெண்ண ஒரு கை போதும். இவனும் போயிட்டா கடையை மூடணும். உங்க பொழைப்பு ஓட எங்க பிள்ளை நாசமாப் போகணுமா?”

டாக்டரின் காது சிவந்தது. பதில் சொல்ல வாயெடுத்தவர் குதைபாவைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

குதைபா தன் ஷூவைப் பார்த்தான்.

“அப்படியே வெச்சுக்குங்க, அபூ ராகான்,” என்றார் டாக்டர்.

எல்லோரும் எழுந்தார்கள். காபி யாரும் தொடாமல் அப்படியே இருந்தது.

“இந்த ஆள் பேரை இனிமே நம்ம வீட்டுல எவனும் எடுக்கக் கூடாது,” வாசலில் நின்று, வராந்தா முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னார் அபூ ராகான். “கல்யாணமோ சாவோ, இவன் படியேறக் கூடாது. ஊர்லயும் சொல்லிடுங்க.”

டாக்டரும் அதே ஊர்க்காரர்தான். சாயங்காலத்துக்குள் சேதி சந்தை வரைக்கும் போய்விடும்.

காரில் ஏறப் போன குதைபா நின்றான்.

“பெரியப்பா, பையை மேலயே மறந்துட்டேன். இதோ வந்துடறேன்.”

மூச்சிரைக்க ஓடினான். டாக்டர் ஆறிப்போன காபியைக் கோப்பை கோப்பையாகக் கொட்டிக்கொண்டிருந்தார்.

“பை உன் தோள்லதான் தொங்குது,” என்றார், திரும்பாமலே.

“மன்னிச்சிடுங்க, டாக்டர்...”

“நேத்து இங்க நின்னு அழுதது யாரு? ‘எனக்குச் சரித்திரம்தான் வேணும், பெரியப்பாகிட்ட சொல்லத் தைரியம் இல்ல, நீங்களே முடியாதுன்னுடுங்க’ன்னது யாரு?”

“நான்தான்.”

“நான் முடியாதுன்னுட்டேன். பதிலுக்கு உன்கிட்ட என்ன கேட்டேன்?”

“பேச்சு முத்தினா... ‘டாக்டர் மேல தப்பில்ல, எனக்குத்தான் போக இஷ்டமில்ல’ன்னு சொல்லச் சொன்னீங்க.”

“அவர் உன்னைக் கடிச்சா தின்னுடுவார்? உன்மேல உசிரை வெச்சிருக்கிற மனுஷன்டா. நான் திட்டு வாங்கினது போகட்டும். அவருக்குத் தெரியாமலே நீ எத்தனை நாள் சரித்திரம் படிப்ப? கீழதானே நிக்கறார். போ. இப்பவாவது போய்ச் சொல்லு.”

“சொல்லிடறேன், டாக்டர். சத்தியமா.”

படியிறங்கும் வழியெல்லாம் அந்த ஒரு வரியைச் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டான். கடைசிப் படிக்கு வந்தபோது தடங்கல் இல்லாமல் வந்தது. குரல்கூட நடுங்கவில்லை.

கார்க் கதவைத் திறந்தான். பெரியப்பா நகர்ந்து இடம் கொடுத்தார். தோளில் கை போட்டு அணைத்துக்கொண்டார்.

“உன் மூஞ்சியே சரியில்லையே. என்னடா சொன்னான் அந்த ஆளு?”

குதைபா கார்க் கதவை இழுத்துச் சாத்தினான்.

“ரொம்பத் திமிர் பிடிச்ச ஆளு, பெரியப்பா.”