படுக்கையும் சேர்த்து

சீப்பில் சிக்கியதை அவள் சோப்புத் தண்ணீரில் போடவில்லை.

நாயின் படுக்கைமேல் தட்டினாள்.

எள்ளைப் போல ஒன்று விழுந்தது. துள்ளியது. மெத்தையின் மடிப்புக்குள் புகுந்துகொண்டது.

"போய்ச் சௌக்கியமா இரு" என்றாள் அதனிடம்.

பொரி வாலை ஆட்டியது. தன்னிடம் பேசுவதாக நினைத்துவிட்டது.

மறுபடி வாரினாள். காதுக்குப் பின்னால். அடிவயிற்றில். வால் முளைக்கும் இடத்தில். பேன்சீப்பின் பல்லில் மாட்டிய தெள்ளுப்பூச்சி ஒவ்வொன்றையும் படுக்கைக்கே கொடுத்தாள்.

நாய் விடுதியில் தொற்றியது அது. விவாகரத்து வழக்கின் கடைசி நாட்களில் கோர்ட்டுக்கு அலைந்தபோது பொரியை அங்கே விட்டிருந்தாள். வழக்கு முடிந்தது. வீடு அவளுக்கு. நாய் அவனுக்கு. நாய்க்கான உரிமம் அவன் பெயரில்தான் இருந்தது.

தடுப்பூசிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியது அவள். நகம் வெட்டியது அவள். வாந்தியைத் துடைத்தது அவள்.

முன்பொருமுறை இதேபோலத் தெள்ளு வந்தபோது, அவன் தலையணையை எடுத்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போனான். "உன் நாயை மொதல்ல சரி பண்ணு" என்று சொல்லிவிட்டுப் போனான்.

போனவன் அந்த அறையிலேயே தங்கிவிட்டான். அப்புறம் வேறு வீட்டுக்குப் போனான். அந்த வீட்டில் வேறொருத்தி இருந்தாள்.

கோர்ட்டில் நின்று 'என் நாய்' என்றான்.

மருந்து கொடுத்தபோது கால்நடை மருத்துவர் படித்துப் படித்துச் சொன்னார். நாய்க்கு மருந்து விட்டால் மட்டும் போதாது. படுக்கையைக் கொதிக்கும் தண்ணீரில் போட வேண்டும். தெள்ளின் முட்டையும் கூட்டுப்புழுவும் அதில்தான் இருக்கும். மாதக்கணக்கில் அசையாமல் கிடக்கும். பக்கத்தில் ஆள் நடமாட்டம் கேட்டால் விழித்துக்கொள்ளும்.

அவள் கவனமாகக் கேட்டுக்கொண்டாள்.

வீட்டை மூலைமுடுக்கு விடாமல் கூட்டித் துடைத்தாள். சோபா உறைகளையும் போர்வைகளையும் கொதிநீரில் போட்டாள். பொரியின் பிடரி மயிரை விலக்கி, தோலில் படும்படி மருந்தைச் சொட்டுச் சொட்டாக விட்டாள்.

படுக்கையை மட்டும் துவைக்கவில்லை.

ஒரு பெரிய பிளாஸ்டிக் பையில் திணித்து, வாயை இறுகக் கட்டினாள்.

அவனுடைய புது வீட்டின் படத்தை யாரோ காட்டியிருந்தார்கள். கூடம் முழுக்க வெள்ளைக் கம்பளம். கால் புதையும் போலிருந்தது. ஒரு பெண்ணின் வெறுங்கால்கள் அதில் நின்றிருந்தன.

அந்தக் கணுக்கால்களை அவள் மறக்கவில்லை.

அவன் வந்தான். வாசலிலேயே நின்றான். செருப்பைக் கழற்றவில்லை.

"வீட்ல கேக்கச் சொன்னாங்க" என்றான். "பொரிக்குத் தெள்ளு கிள்ளு ஒண்ணும் இல்லையே?"

வீட்ல.

இத்தனை வருஷமாக அந்தச் சொல்லுக்கு அவள்தான் பொருளாக இருந்தாள்.

"பொரி மேல ஒண்ணுகூட இல்லைங்க."

அவனிடம் 'ங்க' போட்டுப் பேசுவது அதுதான் முதல் தடவை. சொன்னதில் பொய் இல்லை என்பது நாக்கில் இனித்தது.

பையை நீட்டினாள். அவன் வாங்கவில்லை.

"படுக்கை வேண்டாம் மஞ்சரி. அங்க புதுசு வாங்கியாச்சு."

அவளுக்குத் திக்கென்றது. காட்டிக்கொள்ளவில்லை. குரலைத் தணித்துக்கொண்டாள்.

"புது எடம். பழகுன வாசனை இல்லேன்னா அது தூங்காதுங்க. அழுதுட்டே கெடக்கும்."

அவன் முகம் இளகியது. இரண்டு கைகளாலும் பையை வாங்கி, குழந்தையைப் போல மார்போடு அணைத்துக்கொண்டான்.

"நான் பண்ணுனதுக்கு வேற யாரா இருந்தாலும்..." என்றான். கண் கலங்கியிருந்தது.

அவளுக்குச் சிரிப்பு முட்டியது. தலையைக் குனிந்து பொரியின் கழுத்துப் பட்டையைச் சரிசெய்தாள்.

பால்கனியிலிருந்து பார்த்தாள். பையை அவிழ்த்து, காரின் பின்சீட்டில் படுக்கையை விரித்தான். கையால் தட்டித் தட்டிச் சமப்படுத்தினான்.

நன்றாகத் தட்டு, என்று நினைத்தாள். சீட்டிலும் உதிரட்டும். சட்டையிலும் ஒட்டட்டும். கம்பளத்தில், கட்டிலில், அந்தப் பெண்ணின் தலையணையில். சொறிந்துகொண்டே தூங்குங்கள்.

பொரி காருக்குள் ஏறியது. படுக்கையை மோந்து பார்த்தது. சுற்றிச் சுற்றி வந்து, சுருண்டு, மூக்கை அதன் ஓரத்தில் புதைத்துக்கொண்டது.

இனி அது வேறெங்கும் படுக்காது.

கார் தெருவைத் தாண்டிப் போய்விட்டது.

உள்ளே வந்து மருந்துப் பெட்டியைக் குப்பையில் போடப் போனாள். கனமாக இருந்தது. இன்னும் மருந்துக் குழல்கள் மிச்சமிருந்தன.

மாதம் ஒருமுறை, என்று பெட்டிமேல் போட்டிருந்தது.

ஒரு மாதம்தான் அந்த மருந்து பொரியைக் காக்கும். படுக்கையில் இருப்பவை அதற்கு அப்புறமும் இருக்கும்.

அவனுக்குப் பொரியின் ஊசி நாள் ஒன்றுகூட நினைவிருந்ததில்லை.

பெட்டியைக் கையில் வைத்தபடியே உட்கார்ந்தாள். காப்பி போட எழுந்தாள். போடாமல் திரும்பி வந்தாள்.

தீர்ப்பு வந்த அன்றே அவனுடைய போன் எண்ணைத் தடுத்து வைத்திருந்தாள். பேச வேண்டியதெல்லாம் வக்கீல் மூலமாகத்தான். இந்த ஜென்மத்துக்கு அவன் குரல் போனில் வரக்கூடாது என்றிருந்தாள்.

தடையை நீக்கினாள்.

முதல் மணியிலேயே எடுத்துவிட்டான்.

"மாசா மாசம் மருந்து விடணும்" என்றாள். "நானே வந்து விட்டுட்டுப் போறேன். அட்ரஸ் சொல்லுங்க."

அந்தப் பக்கம் கார் ஓரங்கட்டி நிற்கும் சத்தம் கேட்டது.

பிறகு அவன் கதவு எண்ணிலிருந்து சொல்லத் தொடங்கினான்.