பெட்டியில் இல்லாத கொடி

எதிரி நாட்டுக் கொடியைப் பறக்கவிட்டபடிதான் கஸ்பாரின் கப்பல்காரர்கள் அந்நாட்டுச் சரக்குக் கப்பல்களை நெருங்குவார்கள். சுடுவதற்கு முன் அதை இறக்கிவிட்டுச் சொந்தக் கொடியை ஏற்றியாக வேண்டும். ஏற்றினால் அது அரசர் அனுமதித்த போர். ஏற்றாமல் சுட்டால் வெறும் கொள்ளை; பிடிபட்டால் தூக்கு. கொடிப் பெட்டி கஸ்பாரின் பொறுப்பு. அன்று எதிரே வந்த சரக்குக் கப்பலில் இருந்தவர்கள் இவர்களைத் தம் நாட்டவர் என்று நம்பிக் கையசைத்தார்கள். "நம்ம கொடிய ஏத்துலே!" என்று பீரங்கியருகே நின்ற கப்பல் தலைவர் தண்டல் தொம்மை கத்தினார். கஸ்பார் பெட்டியைத் திறக்கவே இல்லை. நேற்றைய சண்டையில் செத்த தம்பியை அந்தக் கொடியில் சுற்றி, மேலே பாய்த்துணி வைத்துத் தைத்து, யாரிடமும் சொல்லாமல் கடலுக்குக் கொடுத்திருந்தான். அம்மாவிடம் கொடுப்பதற்கென்று இடுப்பில் கட்டியிருந்த தம்பியின் சட்டையை இப்போது அவிழ்த்தான். ரத்தம் காய்ந்து அது விறைத்துப்போயிருந்தது. எதிரியின் கொடியை இறக்கிவிட்டு, சட்டையைக் கயிற்றில் கட்டி உச்சிவரை இழுத்தான். இனி யாராலும் அவிழ்க்க முடியாதபடி முடிச்சை இறுக்கினான். தண்டல் அண்ணாந்து பார்த்தார். "யாரு கொடிலே அது?" "நம்ம கொடிதான் தண்டலே. ஏத்தியாச்சு, சுடச் சொல்லுங்க." பீரங்கிக்காரன் கையில் நெருப்போடு தண்டலின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். எதிர்க் கப்பலில் அசைந்துகொண்டிருந்த கைகள் ஒவ்வொன்றாகக் கீழே இறங்கின.