காகிதக் காத்தாடி

"நிறுத்துங்க! என் பொண்ணை என்ன பண்றீங்க?"

மூளை அலைகளைப் பதிவு செய்யும் அந்தச் சின்ன அறையே அதிர்ந்தது. கத்தியவர் ஒரு கணக்கு வாத்தியார். குரலுக்குக் கேட்கவா வேண்டும்!

கட்டிலில் அவருடைய எட்டு வயது மகள். தலை முழுக்க ஒயர். கையில் இருந்த காகிதக் காத்தாடியை ஊதி ஊதி அவளுக்கு மூச்சு வாங்கியது.

"இன்னும் ஒரு நிமிஷம்டா செல்லம், ஊது" என்றார் டெக்னீஷியன் அம்மா. வாத்தியாரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

பெற்ற வயிறு மட்டும்தான் எரியுமா? வாத்தியாருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"காலையில பைகார்பனேட் பார்க்கணும்னு ரத்தம் எடுத்தீங்க. சோடா உப்புல இருக்கிற சமாச்சாரம் இவளுக்கு எதுக்குன்னு கேட்காம விட்டேன். இப்ப என்னடான்னா காத்தாடி!"

"ரெண்டும் ஒரே விஷயம்தான் சார். விடாம ஊதினா கரியமில வாயு நிறைய வெளிய போயிடும். ரத்தத்துல பைகார்பனேட்டும் கொஞ்சம் இறங்கும். இவளுக்கு இருக்கறதா நாங்க சந்தேகப்படற வலிப்பு, அந்த நேரத்துலதான் எட்டிப் பார்க்கும்."

"வலிப்பா? கை கால் இழுத்துச்சா, நுரை தள்ளிச்சா? இவளுக்குக் கவனம் பத்தாது, அவ்வளவுதான். ஸ்கூல்ல மிஸ் நச்சரிச்சாங்களேன்னு வந்தேன்."

"இது இழுக்காது சார். பத்து விநாடி ஆள் இங்க இருக்க மாட்டா. இடியே விழுந்தாலும் கேட்காது."

"ஓஹோ! அதை வேணும்னே வரவழைக்கப் பார்க்கறீங்க? பச்சைப் பிள்ளையை இப்படி வதைக்க எப்படிம்மா மனசு வருது? நீங்களும் பிள்ளை பெத்தவங்கதானே?"

அதற்குள் காத்தாடி நின்றுவிட்டது.

மகளின் கண் திறந்தே இருந்தது. பார்வைதான் சுவரில் எங்கோ குத்திட்டு நின்றது. திரையில் கோடுகள் மலை மலையாக எழுந்தன.

"யானை" என்றார் டெக்னீஷியன், சத்தமாக.

பிள்ளை அசையவில்லை.

"பார்த்தீங்களா, என் பொண்ணை என்ன பண்ணிட்டீங்க!" வாத்தியாரின் குரல் உடைந்தது. "உங்க மேல புகார் எழுதாம விடமாட்டேன். பிள்ளைங்க மேல கொஞ்சமாவது ஈவு இரக்கம் வேணாம்?"

மலைகள் அடங்கின. மகள் ஒரு தடவை கண்ணைச் சிமிட்டினாள்.

டெக்னீஷியன் குனிந்து மெதுவாகக் கேட்டார். "இப்ப நான் ஒரு வார்த்தை சொன்னேனே, என்னடா அது?"

அவள் டெக்னீஷியனைப் பார்க்கவில்லை. அப்பாவைப் பார்த்தாள். காத்தாடியைக் கீழே போட்டுவிட்டு இரண்டு கையாலும் காதுகளை இறுகப் பொத்திக்கொண்டாள்.

"கேட்டுக்கிட்டுதாம்ப்பா இருந்தேன்... திருகாதீங்கப்பா!"